மாப்பிள்ளை நாளை நம் வீட்டுக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

இன்று அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ கெமிஸ்ட்ரி படிச்சவ, சொல்லு, நாளைக்கு நான் செய்யப்போறது தப்பா?" என்றார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அதை எழுதுமுன், இங்கே இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் உன் தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் குடி.

விஷயம் வண்டிதான். பழைய மோட்டார் சைக்கிள்களுக்குப் புகை அளவை மறுபடியும் இறுக்கிவிட்டார்கள். சோதனையில் தேறி ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி நாளையிலிருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டக் கூடாது, அப்பா பழுது பார்க்கிற லிப்டெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நம் வண்டி இருமுறை போய்த் தோற்று வந்துவிட்டது. சொந்த வண்டி இல்லாதவரைக் கம்பெனி வேலைக்கு வைத்துக்கொள்ளாது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். புதிது வாங்கலாமே என்று நீ சுலபமாகச் சொன்னாய். வீட்டுக்கடன் முடியாதபோது அப்பா வயதில் இன்னொரு கடன் யாரும் தருவதாக இல்லை. நான் அனுப்புகிறேன் என்று நீ தொடங்காதே, உன் வாடகையை முதலில் பார். விற்கலாமென்றால் பழைய இரும்புக் கடைக்காரரே "நீங்களே வச்சுக்கோங்க சார், துணி காயப்போட உதவும்" என்று சிரிக்கிறார்.

நம் தெருவில் இதே வண்டி வைத்திருப்பவர்கள் நம்மையும் சேர்த்து ஆறு பேர். அவர்களுக்குள் புகையைக் குறைக்கிற நல்ல கார்புரேட்டர் ஒன்றே ஒன்று. ஆறு பேரில் ஒருவரான பூட்டுக்காரர் எங்கேயோ தேடிப் பிடித்தது, அந்தச் சாமான் இப்போது செய்வதே இல்லை. சோதனைக்குப் போகிறவர் அதை வாங்கித் தன் வண்டியில் மாட்டி, தேறியதும் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. வீடு வீடாக மரியாதையோடு போய் வருவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். பெட்ரோலில் கழுவும்போது "மாப்பிள்ளை குளிச்சாச்சா?" என்று கேட்கிறார்கள். "என் சொந்த மாப்பிள்ளைகூட எனக்கு இவ்வளவு உபகாரம் பண்ணதில்லப்பா" என்கிறார் பூட்டுக்காரர். நாளைக் காலை அது நம் முறை, மதியம் ரொட்டிக்காரர் முறை.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் நானேதான் பாடமாக நடத்துகிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சுக்குத் திணறுவதைச் சுவர் வழியாகக் கேட்கிறேன். விதி சரி. சரியான விதி வந்து நம் தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஏமாற்று வேலை என்று சொன்னால் அப்பா வீட்டில் உட்கார வேண்டும். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலத்தில் புகை அளக்கிற கருவியோடு ஆட்கள் நிற்கப்போவதாகக் கேள்வி. "ஸ்டிக்கர் இருந்தா எவன் நிறுத்தப்போறான்" என்கிறார் அப்பா, எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. கண்ணை டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றாயே, தள்ளிப்போடாதே. அப்பாவிடம் வண்டியைப் பற்றி நீயாகக் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

மறுநாள் மாலை: கடிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் வண்டி தேறியது. ஸ்டிக்கரை அப்பா தடவித் தடவி ஒட்டினார். மதியம் ரொட்டிக்காரர் ஸ்பானரோடு வந்து நின்றார். மாப்பிள்ளையைக் கழற்றிக் கொடுத்து நம் பழையதை மாட்டி முடிப்பதற்கும், லிப்டில் இருவர் மாட்டியிருப்பதாகப் போன் வருவதற்கும் சரியாக இருந்தது. அப்பா கிளம்பினார், பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். சைலென்சரில் கருவியை நுழைத்துப் பார்த்தவர் "ஸ்டிக்கர் புதுசா இருக்கு, புகை பழசா இருக்கே அண்ணே" என்றாராம். வண்டியை வைத்துக்கொண்டார்கள். அப்பா கருவிப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தை நடந்தே கடந்து, அந்த இருவரையும் வெளியே எடுத்துவிட்டார். ஏன் இவ்வளவு நேரம் என்று மேலாளர் கேட்டிருக்கிறார், பாலத்தில் கூட்டம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் திரும்பி வந்ததும் தெருக்காரர்களுக்குப் போன் செய்தார், ஸ்டிக்கர் மட்டும் போதாது, ஓடும்போதும் மாப்பிள்ளை வண்டியிலேயே இருக்க வேண்டும் என்று. அது இப்போது ரொட்டிக்காரர் வண்டியில் இருக்கிறது, இனிக் கழற்ற மாட்டேன் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற நால்வரும் அவர் வாசலில் நின்று கத்துவது இங்கே கேட்கிறது. அப்பா போகவில்லை.