தண்ணீர் மாற்றும் கிழமை

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? கால் வீக்கம் வடிந்ததா? இரவில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படு. மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு, அப்போதுதான் தொடர்ந்து சமைப்பார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அம்மாவும் பொண்ணும் என்ன ரகசியம்?" என்கிறார். இது அவர் காதில் விழ வேண்டாம். அதனால் லேபில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

ரகசியம் வேறொன்றுமில்லை, கூடத்துக் கடல்மீன் தொட்டிதான். நீயும் அவரும் சேர்ந்து கட்டிய தொட்டி இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் மணல்மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. பிறகு கல்லில் ஏறியது. இப்போது பவளத்தின்மேலேயே சளி மாதிரி இழை இழையாகத் தொங்குகிறது. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. ராத்திரி விளக்கை அணைத்தால் பாதி காணாமல் போகிறது. காலையில், அப்பாடா போய்விட்டது என்று நினைப்பேன். மத்தியானம் விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் போன இடத்துக்கெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழுகின்றன. நீ விரல்நுனி அளவில் வாங்கி வளர்த்த அந்தச் சுத்தியல் பவளம் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது.

அப்பா பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு தேய்க்கிறார், குழாய் வைத்து உறிஞ்சுகிறார், மறுபடி தேய்க்கிறார். நான் ஏதாவது கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. "அத்தனை ஜனம் ஏறி இறங்குற லிஃப்டை ஒரு விபத்து இல்லாம பார்த்துக்கிட்டேன். இந்த அஞ்சடிக் கண்ணாடி என்னை முட்டாளாக்குது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உனக்குத் தெரிந்த வைத்தியம் இருந்தால் எழுது.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. பிரசவத்துக்கு முன்பே வந்துவிடுவேன். குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சட்டை தைத்திருக்கிறேன். தோலில் உறுத்தக் கூடாது என்று ஓரத்தையெல்லாம் வெளிப்பக்கமாக மடித்திருக்கிறேன். உனக்கு எத்தனாவது மாசம் என்று அப்பா தினமும் கேட்கிறார். அவ்வளவு ஆவல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


அன்புள்ள சின்னு,

உன் பதில் கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாயே, அது எனக்கே தோன்றாமல் போனது வெட்கம்தான். நாளெல்லாம் ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறேன். வீட்டுத் தொட்டியைப் பார்க்கத் தெரியவில்லை.

ரத்தம் எடுக்கிற குப்பியிலேயே கொஞ்சம் சளியை எடுத்துப் போனேன். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் எள்ளு எள்ளாக உயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "யார் சாம்பிள்க்கா இது? ஆளு பொழைப்பாரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

மீன் கடைப் பெண்ணிடம் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்குத் தெரிந்தவள்தான், சுருட்டை முடி. சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். நிறம் மாறவே இல்லை. மறுபடி செய்தாள், அப்போதும் மாறவில்லை. "ஆன்ட்டி, தண்ணி அளவுக்கு மீறி சுத்தமா இருக்கு, அதான் வியாதியே" என்றாள். தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிர்கள் பிழைக்குமாம். அவை பட்டினியில் செத்த இடத்தில் இது குடியேறிவிட்டதாம். "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தினா இப்படி ஆகாது. அங்கிள் தினமும் மாத்துறாரா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எவ்வளவு கணக்கான மனுஷர் என்று உனக்குத் தெரியாதா? சனிக்கிழமை தவறிக்கூட வேறு கிழமையில் தொட்டியில் கை வைக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று துணி காயப்போடப் பால்கனிக்குப் போனபோது வாஷிங்மெஷினுக்குப் பின்னால் கடலுப்புப் பைகள் தெரிந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் காலி. வருஷம் முழுக்க வரவேண்டிய உப்பு.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அப்பா வாளியும் குழாயுமாகத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னங்க செய்கிறீர்கள் என்றேன். "இன்னைக்குத்தானே தண்ணி மாத்துற கிழமை" என்றார். இன்றைக்குப் புதன் என்றேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அட, ஆமா. ரிடையர் ஆனவனுக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்" என்றார். நானும் சிரித்தேன். உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தால், மறுபடி வாளியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். "இன்னைக்குத்தானே" என்று அதே குரலில் ஆரம்பித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன் சின்னு.

டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். எனக்குப் பிரஷர் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். லிஃப்டில் ஏறியதும் கதவோரத்தைத் தடவிப் பார்த்தார். "கதவு ரப்பர் தேஞ்சிருக்கு, யாராச்சும் ஆபீஸ்ல சொல்லணும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒன்றுமில்லை, நாம்தான் பயந்துவிட்டோம் என்று நினைத்தேன். மேலே டாக்டர் ஏதேதோ கேட்டுவிட்டு, நாம் இப்போது எத்தனாவது மாடியில் இருக்கிறோம் என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ஏழு என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீ கவலைப்படாதே. டிக்கெட் விஷயம் பிறகு பார்க்கலாம். இன்னும் நாள் இருக்கிறதே.

அம்மா


அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுதபோது அப்பா பக்கத்திலேயே சாப்பிட உட்கார்ந்திருந்தார். அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதிவிடுகிறேன்.

கடைப் பெண் சொன்னபடியே செய்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, மீன்களுக்குத் தீனியைக் கூட்டினேன். விளக்கை அணைத்து மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடினேன். மிச்சமிருந்த கடலுப்புப் பையை எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் சுலபம். போர்வைதான் கஷ்டமாக இருந்தது. கூடத்துக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு நிற்பார். "ஏன் மூடியிருக்கு? எல்லாம் செத்துப்போச்சா?" என்பார். இல்லைங்க, வைத்தியம் நடக்கிறது என்பேன். நெஞ்சில் கையை வைத்து மூச்சு விடுவார். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் திடுக்கிடுவார். கடைசியில் நானே நாற்காலியை இழுத்துப் போட்டுப் போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று.

போர்வையை எடுத்தபோது மணல் வெள்ளையாக இருந்தது சின்னு. கோமாளி மீன் இரண்டும் ஜோடியாக முன்னால் வந்தன. ஒரு வாரத்தில் கண்ணாடியில் லேசாகப் பச்சை படர்ந்தது. நல்ல அறிகுறி, துடைக்காதீர்கள் என்றாள் கடைப் பெண். உன் பவளம்கூட ஓரத்தில் கொஞ்சம் விரிந்தது. அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பாத்தியா, என் கை பட்டா சரியாகாம போகுமா?" என்றார். ஆமாங்க என்றேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அந்தத் தைரியத்தில்தான் வேலைக்குப் போனேன். மத்தியானம் டீச்சரம்மா போன் செய்தாள். வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் வருகிறது என்றாள். ஓடி வந்தேன். கடலுப்பைத் தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. அடுப்படியில் இருந்த சமையல் உப்பையெல்லாம் குழாய்த் தண்ணீரில் கரைத்துப் பாதித் தொட்டிக்கு மேல் மாற்றிவிட்டார். சனிக்கிழமை வேலையைச் செய்து முடித்த நிம்மதியோடு சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கடைப் பெண் ஸ்கூட்டரில் கேன் கேனாக உப்புத்தண்ணீர் கொண்டு வந்தாள். முழங்கை வரை நனைந்து, முடிந்ததையெல்லாம் செய்தாள். கோமாளி மீனில் ஒன்றுதான் பிழைத்தது. உன் பவளம் கையில் எடுக்கும்போதே கரைந்து விழுந்தது. மிச்சம் மீதியைக் கடையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துப் போய்விட்டாள்.

வெறும் தொட்டியைப் பார்த்து உன் அப்பா குழந்தை மாதிரி அழுதார். "யாரு பண்ணினா இதை? யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மெஷின் கோளாறுங்க, யாரும் எதுவும் செய்யவில்லை என்றேன். "என்னைக் கூப்பிட்டிருந்தா சரி பண்ணியிருப்பேனே. ஏன் கூப்பிடல?" என்று என்மேல் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குக் கொடுத்த லீவை அப்படியே அவருக்காக எடுத்துக்கொண்டேன். இனி வேலைக்குத் திரும்புவேனா, தெரியாது. சின்னு, நான் வரவில்லை. நீ ஆசுபத்திரியில் கண் திறக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். இவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாதும்மா. கூட்டிக்கொண்டு வரலாமே என்கிறாய். எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு நம் வீட்டுக் கதவைத் தேடுகிறவரை எந்த விமானத்தில் ஏற்றுவேன்? சம்பந்தியம்மாவிடம் நானே பேசிவிட்டேன். அவர்கள் முழுமனசோடு வருகிறார்கள். அவர்களிடம் வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொள், என்னிடம் மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காராதே. தைத்த சட்டைகளைப் பார்சலில் அனுப்புகிறேன். இரண்டு தடவை துவைத்துத்தான் வைத்திருக்கிறேன், மறுபடி துவைக்க வேண்டாம்.

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று அப்பா உன்னிடம் அவ்வளவு நேரம் நன்றாகப் பேசினாரே, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று. போனை வைத்துவிட்டு என்னிடம், "யாரு இது? நல்ல பொண்ணு, எவ்வளவு பிரியமா விசாரிக்குது" என்றார்.

அதனால் இனிமேல் அவர் போனை எடுத்தவுடன், "அப்பா, நான் உங்க பொண்ணு சின்னு பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் பேசம்மா. குரலை வைத்து அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதே. ஒவ்வொரு தடவையும் சொல்லு. குழந்தை பிறந்ததும் அதன் குரலையும் கேட்கவை. அது யார் என்பதையும் நீயே சொல்லிவிடு.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மாவும் அப்பாவும்