பிளக்குக்கு வைத்த பொட்டு

மேற்கணக்கு லயம்,
இறம்பொடை.
14-8-1957, புதன்.

அன்புள்ள பரிமளத்துக்கு,

முருகன் துணையால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தையும் சுகமென்று அங்கிருந்து வந்த வீரய்யா சொன்னான். ஆனாலும் அதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, லயத்து வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லொறியோடு வலப்பனைக்கு வந்து உன்னைக் கூட்டிப் போகத் துரையிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். உத்தரவு கையில் இருக்கிறது, லொறிதான் கிளம்ப மாட்டேன் என்கிறது.

பழைய இஞ்சின் வெடிப்பு விட்டுப் போனது உனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் சும்மா நின்ற லொறியிலிருந்து இஞ்சினை இறக்கி, நானும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற கந்தப்பண்ணனும் இதில் மாட்டினோம். அங்கே ஓடவிட்டுக் காதால் கேட்ட பிறகுதான் கழற்றினேன். இங்கே வந்ததும் வாயே திறக்கவில்லை. கலியாணமான புதிதில் நீ என்னோடு பேசாமல் இருந்தாயே, அதே பிடிவாதம்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் என் மனசு அடங்காது. இஞ்சினுக்கு வேண்டியது பெட்ரோல், காற்று, பொறி. பெட்ரோல் வருகிறது, கை முழுக்க அந்த வாடைதான். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்தால் காற்று விரலைத் தள்ளுகிறது. பிளக்கிலிருந்து வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தால் பொறி பளிச்சென்று பாய்கிறது. வயர்களை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று வரிசையையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பாத இஞ்சினை நான் இதுவரை கண்டதில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே யோசனைதான்.

கடைத்தெருவில் லொறி திருத்துகிற பியதாச பாஸையும் கூட்டி வந்து காட்டினேன். மூடியைத் திறந்தவர், பிளக்குகளைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார். நீ வீரய்யாவிடம் கொடுத்தனுப்பிய திருநீற்றையும் குங்குமத்தையும் நான் குழைத்து, ஒவ்வொரு பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் பட்டை போட்டுப் பொட்டு வைத்திருந்தேன். சாமி காரியம் என்று அவர் அந்தப் பக்கமே தொடவில்லை. இஞ்சினை மறுபடி இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இறக்கினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏற்ற முடியாது.

வியாழன்.

நேற்று கடிதத்தை அதோடு நிறுத்தியது நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை ஒரு யோசனை வந்தது. பொறி பாய்வதைக் கையில் பிடித்துத்தான் பார்த்தேன், பிளக்கில் மாட்டிய பிறகு அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லையே. வெளிச்சத்தில் தெரியாது என்பதால், பக்கத்து வீட்டு அழகம்மை கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை இரவல் வாங்கி, என் தலையையும் இஞ்சினையும் சேர்த்து மூடிக்கொண்டு, கந்தப்பண்ணனை ஹேண்டிலைச் சுற்றச் சொன்னேன். உள்ளே பார்த்தால், நீலப் பொறி என் திருநீற்றுப் பட்டையின் மேலேயே ஊர்ந்து இரும்பில் இறங்குகிறது. இந்த மூடுபனியில் அது காயவே இல்லை. ஈரத்தில் கரண்டுக்கு நல்ல பாதை கிடைத்துவிட்டது, பிளக்குக்குள் போவானேன்?

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இஞ்சினுக்கு வை என்று சொல்லியனுப்பினாய், எந்த இடத்தில் என்று சொன்னாயா? துடைக்கச் சொன்னால், சாமி குத்தம் வந்துரும்னு கந்தப்பண்ணன் தள்ளிப் போய் நின்றுகொண்டார். உன் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு நானே என் வேட்டி நுனியால் துடைத்தேன். அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஸ்டோரில் இருந்தவர்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிறு விடிந்ததும் புறப்படுவேன். பின்னால் வைக்கோல் பரப்பி மெத்தை போட்டு வருகிறேன், வளைவுகளில் மெதுவாகவே ஓட்டுவேன்.

ஆனால் பரிமளம், இதைக் கவனமாகப் படி. வாடகைக் கார் பேசட்டுமா என்று சின்னராசா மச்சான் கேட்டதற்கு, என் பெண்சாதியை நானே கொண்டுபோவேன் என்று வீராப்பாகச் சொல்லி அனுப்பினேன். அதை மறந்துவிடு. கண் முன்னால் இருந்த கோளாறைக் கண்டுபிடிக்கவே என்ன பாடு பட்டேன் என்று பார்த்தாயல்லவா. இஞ்சின் என்றால் கழற்றிப் பார்ப்பேன், உன் வயிற்றில் என்ன நடக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? கொஞ்சம் வலித்தாலும், வலிக்கிற மாதிரி இருந்தாலும், என் ஹோர்ன் சத்தத்துக்குக் காத்திராமல் மச்சானோடு உடனே கிளம்பிவிடு. நான் வந்து பார்க்கும்போது வீடு பூட்டியிருந்தால் சந்தோஷமாக லொறியைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவேன்.

பிள்ளை ஆணோ பெண்ணோ, எதுவானாலும் சரி. நீ இருக்க வேண்டும்.

உன்,
லெட்சுமணன்.