கோமுவிடம் ‘வாரேன்’ சொல்லக் கூடாது

கோமு அப்பாவுக்கு,

திருச்செந்தூரில் அக்காவுக்கு வலி கண்டுவிட்டதாம். பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. உடனே கிளம்புகிறேன். நீங்கள் ஆற்றில் குளித்துவிட்டு வரும்வரை அந்த வீட்டு சாரதா டீச்சர் பிள்ளையோடு இருப்பார்கள்.

டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னதிலிருந்து நான் கண்டது ஒன்றுதான்: முன்கூட்டியே தெரிந்தால் கோமு எதையும் தாங்கிக்கொள்வாள். காலண்டர் தாளின் பின்பக்கம் இன்றைக்கு நடப்பதையெல்லாம் வரிசையாக வரைந்து பீரோவில் ஒட்டியிருக்கிறேன். தலை பின்னும் படத்தில் அம்மாவைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மீசை வைத்து உங்களை வரைந்தேன். சிரித்தாள். எது மாறினாலும் முதலில் படத்தில் மாற்றுங்கள்.

பத்து மணிக்கு உங்கள் தம்பி வருவார். கிளம்பும்போது ‘வாரேன்’ என்று சொல்ல விடாதீர்கள். போன தடவை அப்படிச் சொல்லிவிட்டு மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டார். பிள்ளை இருட்டும்வரை வாசலை விட்டு நகரவில்லை. ‘போறேன்’ என்றே சொல்லட்டும். “வீட்டுல நின்னு அப்படிச் சொல்லலாமாட்டி, அபசகுனம்லா!” என்று நேற்று குதித்தீர்கள். குதியுங்கள். அவளுக்கு ‘வாரேன்’ என்றால் வரவேண்டும், அவ்வளவுதான்.

“அம்மா போறேன். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன்” என்று சொன்னேன். தலையாட்டினாள். அழவில்லை. ஆறு மணிக்கு வந்து நிற்பேன்.

வேணி

பி.கு: சட்னியை இட்லி மேல் ஊற்றாதீர்கள். தனிக் கிண்ணம்.

இன்னொன்று: நேற்றைய சண்டையில் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் உங்களிடம் மட்டும், போயிட்டு வாரேன்.