கண் ஆபரேஷனுக்கு மூக்கு பில்

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மகள் மீனுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், ஹைதராபாத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஃபோனில் பேசினால் நடுவில் புகுந்து என்னை அடக்கிவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அப்பாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் இந்த மாதம் பகல் வேலைதான், நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.

போன வருஷம் நீ எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸில் பணம் தர முடியாது என்று மறுபடியும் எழுதிவிட்டார்கள். மூக்கு ஆபரேஷன் என்றால் பாலிசி எடுத்து இரண்டு வருஷம் பொறுக்க வேண்டுமாம், இந்தக் கண் ஆபரேஷனுக்கு அது கிடையாதாம். நான் என்ன மூக்கையா அறுத்துக்கொண்டேன்? வலது கண்ணில் கண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்து, சீழ் பிடித்து, ஓயாமல் கண்ணீர் வழிந்து, எட்டு மாதம் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் தவித்தேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்களெல்லாம் வீட்டில் என்ன சங்கடம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். டாக்டர் மூக்கு வழியாகப் போய் எலும்பில் துளை போட்டுக் கண்ணீருக்கு வழிவிட்டார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் இருக்கிற அனுஷாவிடம் கேட்டதற்கு, “மூக்கு வழி செய்ததல்லே அம்மா, அதான் பில்லில் மூக்குக்குள்ள கோடு நம்பர் போட்டேன்” என்று சிரிக்கிறாள். முன்வாசல் பூட்டியிருக்கிறதென்று பின்வாசல் வழியாக வந்தால் அடுத்த வீட்டுக்குப் போனதாக ஆகிவிடுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார், பில்லையும் திருத்தினார்கள். அதையும் அனுப்பியாயிற்று. முதலில் வந்த காகிதம்தான் செல்லுமாம்.

நீயும் கம்பெனியில் நாள் முழுக்க யார் யாருடைய நோய்க்கோ கோடு நம்பர் போடுகிறவள், ஆனாலும் “ஒரு தடவை கோடு போய்விட்டால் போனதுதான், விடும்மா, பணத்தை நான் அனுப்புகிறேன்” என்கிறாய். உன் பணம் எனக்கு வேண்டாம். இடது கண்ணும் அடைத்திருக்கிறது, அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டால் அதையும் மூக்கில் சேர்த்துவிடுவார்கள். கேட்ட பணத்தை விட்டு விஷயத்தை முடித்துக்கொள்வதாக இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை ரயிலேறி எறணாகுளத்தில் இன்சூரன்ஸ் புகார் கேட்கிற ஆபீசுக்குப் போகிறேன். இந்த வயசில் இது தேவையா என்றார் அப்பா. ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருங்கள் என்றேன், லீவு போட்டுவிட்டார். உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இது ஏன் கண்ணில் சேர வேண்டியது என்று உங்கள் தொழில் பாஷையிலேயே அரைப்பக்கம் எழுதி அனுப்பு. உன் கம்பெனி பேரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

காலையில் சாப்பிடாமல் ஓடாதே. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். புதன்கிழமைக்குள் அந்த அரைப்பக்கம் வந்துவிட வேண்டும், மறக்காதே. இந்தக் கடிதத்தின் இடது ஓரத்தில் மை கலைந்திருக்கும், அழுதேன் என்று நினைக்காதே, அது இன்னும் கத்தி படாத இடது கண் வடித்தது. வலது பக்கம் ஒரு எழுத்தாவது கலைந்திருக்கிறதா என்று பார். பார்த்துவிட்டு அது கண்ணா மூக்கா என்று நீயே கோடு போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
வடிவம்மாள்