கடைசி நாளுக்கு ஒரு கால்

அக்டோபர் 21, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பெரம்பலூர் ஆஸ்பத்திரி, மேல்மாடி வார்டு. தீபாவளிக்கு மறுநாள், பாதிக் கட்டில் காலி. ஜன்னல் வழியாக இன்னும் வெடி வாசனை.

டாக்டர் சொல்லிவிட்டார். இவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். சர்க்கரைப் புண் எலும்பு வரை போய்விட்டதாம். பெருவிரலில் ஆரம்பித்தது. ஒரு வருடமாக நான்தான் கழுவிக் கட்டுகிறேன். எனக்குத் தெரியாமல் எப்போது உள்ளே போனது?

இவர் அழவில்லை. இத்தனை வருடம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், பிரேக் மிதித்த கால். டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்.

"எடுத்த கால என்ன சார் பண்ணுவீங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாதான் பதில் சொன்னார். "வேணும்னு கேட்டா குடுத்துருவாங்க. இல்லன்னா இங்கயே எரிச்சிருவாங்க."

அப்போதுதான் இவர் முகம் மாறியது.

வாங்க: பிளாஸ்க், பஞ்சு, இனிப்பில்லாத பிஸ்கட். ஜெனிக்குப் போன் செய்தேன். நாளைக் காலை சென்னையிலிருந்து பஸ் ஏறுகிறாளாம். போனிலேயே அழுகை. அப்பா செல்லம்.

அக்டோபர் 22, புதன்

மழை வலுத்துவிட்டது. நாளை காலை ஆபரேஷன்.

இவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "மலரு, கால எரிக்க விட்றாத. எங்கம்மா குழியில பொதச்சிரு. கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிக்கும்போது நான் மட்டும் காலு எங்கன்னு தேடிக்கிட்டு நிக்க முடியாது."

சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செத்தவர்கள் எல்லாரும் உடம்போடு எழுந்து வருவார்கள், ஆண்டவர் தீர்ப்புச் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டு சாயங்கால செபத்தில் கேட்டுவருகிறேன். கூட உட்கார்ந்திருப்பேன், வாய் அசைக்க மாட்டேன். நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பங்குச் சாமியார் மேலிடத்தில் அனுமதி வாங்கித்தான் மாதா கோயிலில் கல்யாணம் நடத்தி வைத்தார். ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறாயா என்று மாமியார் ஒரே ஒரு தடவை கேட்டார். "உடையார்பாளையத்துல அப்பாவ விட்டுட்டு வந்தது போதாதா அத்தை, அப்பாவோட சாமியையும் விடணுமா" என்றேன். அப்புறம் கேட்கவே இல்லை. நல்ல மனுஷி.

மத்தியானம் ஜெனி வந்தாள். அப்பனும் மகளும் வாக்குவாதம்.

"எரிச்சாலும் பொதச்சாலும் கடவுளுக்கு ஒண்ணுதானப்பா. இப்பல்லாம் எரிக்கலாம்னு திருச்சபையே சொல்லுது."

"அவருக்கு முடியும்மா. எனக்குத்தான் மனசு வரல. கல்லு வெட்டுற எடத்துல பாத்திருக்கேன், கடல் இருந்த காலத்துச் சங்கு, நத்தை, பாறைக்குள்ள உரு மாறாமக் கெடக்கு. மண்ணுகிட்டக் குடுத்தா அது பாத்துக்கும். நெருப்புகிட்டக் குடுத்தா யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்கைக் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் பக்கம் எரிப்பதுதான். அப்பாவை எரித்துக் கொள்ளிடத்தில் கரைத்தோம். நாளைக்கு நான் போனால் அண்ணன் என்னையும் அப்படித்தான் செய்வார். ஒரு காலை எரிக்கவே இவருக்கு மனசு வரவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன். போதும்.

அக்டோபர் 23, வியாழன்

இவர் நன்றாக இருக்கிறார். இதை முதலில் எழுதிவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்தது. ரத்தம் ஏற்றுகிறார்கள்.

ஜெனியை அங்கே விட்டுவிட்டு, எடுத்த காலை நான்தான் ஊருக்குக் கொண்டுபோனேன். பச்சைத் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் சுற்றி, ஆயா கையில் கொடுத்தார். வாங்கியதும் கை இறங்கிவிட்டது. இத்தனை கனமா. தினமும் மடியில் வைத்துத்தானே கழுவினேன், அப்போது தெரியவில்லையே. மீதி உடம்பு தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் தெரு சேகர் ஆம்னி வேன் எடுத்து வந்திருந்தார். எப்போதும் பாட்டு அலறும். இன்று போடவில்லை. அரியலூர் வருவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்.

"எதுவும் சாப்புடாம இருக்கீங்க. ஒரு டீ குடிங்கக்கா." பிறகு தயங்கி, "அண்ணன் கால மட்டும் வண்டியில தனியா விட்டுட்டு எறங்கலாமா?"

"வேணாம் சேகரு. இங்கயே வாங்கிட்டு வாங்க."

மடியில் இவர் கால், கையில் டீ. சர்க்கரை கூடுதல். குடித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அப்பாவுக்குக்கூடத் தெருமுனையோடு திரும்பியவள் நான். இன்று கல்லறைத் தோட்டத்துக்குள் முதல் ஆளாக நடந்தேன். பங்குச் சாமியார் குடையோடு வந்திருந்தார். குழி வெட்டும் அந்தோணி அண்ணன், மாமியார் கல்லறையின் கால்மாட்டில் வெட்டிவிட்டு மழைத்தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வெரலு கெழக்கப் பாக்க வைம்மா. எந்திரிச்சாக் கெழக்கப் பாத்துதான் நிக்கணும். மாத்தி வச்சிட்டா சவரிமுத்து ஒரு காலு அங்கிட்டும் ஒரு காலு இங்கிட்டுமா நிப்பான்."

சாமியாரே சிரித்துவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். வேண்டாம் என்றார்கள். பிரித்தேன். குதிகால் வெடிப்பு. கணுக்காலில் லாரி ஜாக்கி கிழித்த தழும்பு. வருடா வருடம் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்துபோன கால். சில்லென்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, ஈஸ்டருக்கு எடுத்த வேட்டியில் சுற்றி வைத்தேன். விரல் கிழக்கே.

"காலுக்குன்னு தனியா செபம் கெடையாதும்மா. நானே சொல்றேன்" என்று சாமியார் நாலு வார்த்தை சொல்லி, தீர்த்தம் தெளித்தார். மண் தள்ளினோம்.

திரும்பி நடக்கும்போது குடைக்குள் வைத்துக் கேட்டுவிட்டேன். "சாமி, தீர்ப்பு நாள்ல என்னைய எந்தப் பக்கம் நிறுத்துவாங்க?"

சாமியார் குடையை என் பக்கம் சாய்த்தார். "பசிச்சவனுக்குச் சோறு போட்டியா, நோயாளியப் போயிப் பாத்தியா, அதான் அன்னிக்கிக் கேப்பேன்னு ஆண்டவர் சொல்லியிருக்காரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. தீர்ப்பு என் கையில இருந்தா இப்பவே சொல்லிருவேன்."

நல்ல பதில். ஆனால் நான் கேட்க வேண்டிய ஆள் சாமியார் இல்லை.

குளித்துவிட்டு மறுபடி பெரம்பலூர். இவர் கண் திறந்ததும், "வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"எங்க?"

"அத்தை காலடியில."

தூங்கிவிட்டார்.

அக்டோபர் 25, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

இல்லாத கால் அரிக்கிறது இவருக்கு. "பெருவெரலு அரிக்குது மலரு." இப்படித்தான் இருக்கும், மூளைக்கு இன்னும் சேதி போகவில்லை, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க எங்கம்மாகிட்டக் கெடந்துக்கிட்டு என்னையக் கூப்புடுது."

கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போர்வையைச் சொறிந்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ. ஆங். அங்கதான்."

முகம் அப்படியே தளர்ந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா கண்கொட்டாமல் பார்த்தார். பார்க்கட்டும்.

நல்லபடியாக இருந்த நேரம். நான்தான் கெடுத்தேன்.

"நீங்க எந்திரிப்பீங்க. நான்?"

"நான்னா?"

"என்னைய எரிச்சிருவாங்கல்ல. ஞானஸ்நானமும் இல்ல. நீங்க கால மாட்டிக்கிட்டுக் கெழக்கப் பாத்து நிப்பீங்க. நான் எங்க இருப்பேன்?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கால் இல்லாமல், கம்பியைப் பிடித்து, சிரமப்பட்டுத் திரும்பினார். அத்தனை சிரமப்பட்டாவது என் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமா.

கேட்டிருக்கக் கூடாது, ஆபரேஷன் ஆன மனுஷனிடம்.

கேட்டதும் சரிதான்.

அக்டோபர் 27, திங்கள்

மறுபடி மழை. ஜெனிக்கு ஆபீசில் லீவு நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். நிம்மதி.

அண்ணன் உடையார்பாளையத்திலிருந்து ஒரு பை முந்திரியோடு வந்தார். இவர் கால் கட்டைப் பார்த்துக் கண் கலங்கி, அதை மறைப்பதற்காக ஓயாமல் பேசினார். காலைப் புதைத்த கதையை ஜெனி சொல்ல, ஆவென்று கேட்டார். பிறகு இவரிடம், "எங்க கணக்குல ஏழு பொறப்புக்கும் இவதான் ஒங்களுக்கு, மாப்ள. ஒங்க கணக்குல எப்புடியோ."

சும்மா சொன்னதுதான். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முந்திரியை டப்பாவில் கொட்டினேன்.

அண்ணன் போன பிறகு இவர்: "ஏழு பொறப்புன்னா ஒவ்வொண்ணுக்கும் புது ஒடம்பா?"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப அதுல காலு பிரச்சன இல்ல."

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. பேச்சுக் குறைந்துவிட்டது எங்களுக்குள். மாத்திரை, சாப்பாடு, தலையணை. அவ்வளவுதான்.

அக்டோபர் 30, வியாழன்

வீடு. சேகரும் ஜெனியும் தூக்கி இறக்கினார்கள். வாசற்படியில் இவர் வலது காலை முன்னால் வைக்கப் பார்த்துத் தடுமாறினார். எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். "நம்ம வூட்டுக்கு வர்றதுக்கே எத்தன பேரு" என்றார்.

கட்டிலைக் கூடத்தில் போட்டாச்சு. வாடகைக்குச் சக்கர நாற்காலி. இன்சுலின் ஊசி தீர்ந்துவிட்டது, வாங்கணும். எருமைப்பால் நிறுத்தச் சொல்லணும்.

சாயங்காலம் ஜெனியைப் பைபிள் வாசிக்கச் சொன்னார். தீர்ப்பு நாள் வருகிற இடம். முடித்ததும், "திரும்ப வாசி." நான் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டே கேட்டேன். செம்மறியாடுகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் பிரித்து நிறுத்துவாராம். எங்கள் அப்பா வளர்த்தது பூராவும் வெள்ளாடுதான்.

"ஏம்மா, ஒரு செம்மறிக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் கல்யாணம் ஆயிருந்தா என்ன பண்ணுவாங்கன்னு இதுல இல்லியா?"

"அப்பா!"

அவள் சிரித்தாள். இவர் சிரித்த சத்தம் கேட்கவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றேன். ரசம் பொங்கி வழிந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் மழை, மத்தியானத்துக்கு மேல் வெறித்தது. போகக் கூடாது, கட்டு நனைந்துவிடும் என்று ஜெனியும் நானும் சொல்லிப் பார்த்தோம். "என் காலு ஏற்கெனவே அங்கதான் இருக்கு, நானும் போயிப் பாக்கணும்ல" என்றார். கட்டுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக் கூட்டிப்போனோம்.

தோட்டம் முழுக்க ஆள். சாமந்தி, மெழுகுவர்த்தி, சாம்பிராணி. சேற்றில் சக்கரம் ஓடவில்லை. சேகரும் அந்தோணி அண்ணனும் நாற்காலியோடு தூக்கிவந்து மாமியார் கல்லறைப் பக்கத்தில் வைத்தார்கள். ஜெனி பூ வாங்கப் போனாள். மற்ற இருவரும் தள்ளிப்போய் நின்றார்கள்.

கால்மாட்டில் சின்ன மண்மேடு. மழையில் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

"இம்புட்டுதானா?"

"கால்தானங்க."

இவரால் குனிய முடியாததால் நான்தான் மெழுகுவர்த்தியை நட்டேன். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றி, முந்தானையால் மறைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் தலைக்கு மேல் இவர் பேசினார்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில கேட்டல்ல."

"என்ன கேட்டேன்?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"எனக்குப் பதில் தெரியல மலரு. அதான் திரும்பிப் படுத்துட்டேன். தெரிஞ்சாப்ல ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். இதுல போயி ஒங்கிட்டப் பொய் சொல்ல வாய் வரல."

நான் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பவும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி ஒன்னைய அந்தப் பக்கம் நிறுத்துனாங்கன்னா, நான் இந்தப் பக்கம் நிக்கப்போறதில்ல. ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டு அங்க வந்துருவேன். நடந்தே வருவேன். பின்ன எதுக்கு இந்தக் கால இம்புட்டுப் பத்திரமாப் பொதைக்கச் சொன்னேன்னு நெனச்ச?"

காலைப் புதைக்கச் சொன்ன அன்றைக்கு இவர் மனதில் இதெல்லாம் இருந்திருக்காது. இந்த ஒரு வாரத்தில் யோசித்துப் பிடித்ததுதான். எனக்குத் தெரியாதா இவரை. இருக்கட்டும்.

கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். துடைக்கவில்லை.

"சேறா இருக்கும். மெதுவா வாங்க" என்றேன். "நான் நிக்கிறேன்."