அறுந்த ரம்பத்தின் இரண்டு முனைகள்

இன்று காலை ரம்பம் மறுபடியும் அறுந்தது. இரண்டு சக்கரங்களுக்கு இடையே நாடாவாக ஓடிக்கொண்டிருந்த தகடு, படாரென்ற சத்தத்தோடு மேசைக்கடியில் சுருண்டு விழுந்தது. கை தப்பியது. மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல் ஏசுவதற்கு ஆள் தேடினேன். என் கூட்டாளி நீர் இப்போது இல்லை.

போன தடவை இருந்தீர். பாளையங்கோட்டை வீட்டின் பின்கட்டில் இதே இடம். வண்டிச் சக்கரத்தின் விளிம்பாகும் வட்டைகளை வாகை மரத்தில் அறுத்துக்கொண்டிருந்தோம். விறைப்பு போதாமல் ரம்பம் கோட்டை விட்டு விலகியது. நீர் மேல் சக்கரத்தின் திருகைக் கால் சுற்றுத் திருகினீர். பத்து மிதி மிதிப்பதற்குள் அறுந்தது.

"பாய்மரக் கயிறுன்னு நினைப்போ? இப்படி இழுத்துக் கட்டுதீரு," என்றேன்.

"கால் சுத்துதான் வே திருகினேன். உம்ம பத்தவைப்பையும் கொஞ்சம் பாரும்."

"இதுக்குன்னு படிச்சிட்டு வந்தது நானா, நீரா?"

இனித் திருகில் கை வைப்பதென்றால் இங்கே வர வேண்டாம் என்றும் சொன்னேன். நீர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனீர். அடுத்த வாரமே அண்ணனோடு கொழும்புக் கடைக்குக் கப்பலேறினீர். அங்கே காய்ச்சல் கண்டது. நீர் காக்கா என்று கூப்பிடும் அந்த அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். வாசலில் நின்றபடியே, "அவன் அந்தத் திருகுல கை வைக்காம இருந்திருந்தா உங்ககூடயே இருந்திருப்பான்," என்றார். நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்போது அதுதான் உண்மை.

இன்று திருகைத் தொட்டது நான் ஒருவன்தான். வழக்கத்தைவிடக் குறைவாகவே விறைப்பு வைத்தேன். அறுந்த முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தகட்டை வளையமாக்க நான் பற்றவைத்த மூட்டு அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, கண்ணாடி உடைந்ததுபோல் முறிந்திருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்துப் பழைய துண்டைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே இடம்.

இரண்டையும் பற்றவைத்தவன் நான். மூட்டில் தூவிய வெண்காரம் பொரிந்து அடங்கியதும், ஆறும்வரை பொறுக்காமல் குடத்துத் தண்ணீரைச் சாய்த்தேன். செக்கச்சிவந்த எஃகை நனைத்தால் நொறுங்கும். பரீட்சையில் அதை எழுதித் தேறியவன்தான். போன தடவை பற்றவைத்தபோது நீர்தான் குடத்தின் கழுத்தைப் பிடித்து, "பைய ஆறட்டும் வே, மரம் எங்கயும் நடந்து போயிராது," என்றீர். உம் கையைத் தட்டிவிட்டேன்.

மதியத்திலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காக்கா இப்போது காயல்பட்டினத்தில்தான் இருக்கிறாராம். காலையில் ஸ்ரீவைகுண்டம் வரை ஒரு வண்டி போகிறது. மிச்சத்துக்கு வேறு வண்டி கிடைக்காவிட்டால் நடப்பேன். என்ன சொல்வதென்று கோத்துப் பார்த்தால் எல்லாம் சாக்காக வருகிறது. துண்டுகளை அவர் முன்னால் வைத்து, முறிந்த இடத்தைக் காட்டி, உங்கள் தம்பி திருகியது சரி என்று மட்டும் சொல்லப் போகிறேன். அதற்கப்புறம் அவர் ஏசினால் ஏசட்டும்.

இப்போதே துணியில் சுற்றி மடியில் வைத்துவிட்டேன். குனியும்போதெல்லாம் ரம்பப் பல் குத்துகிறது.