கடலைத் தயிர்

சிவமயம்

ஆரணி
10.2.2025

எல்லா நலமும் பெருகுக என வாழ்த்தி, அன்புத் தங்கை திலகவதிக்கு அண்ணன் பரசுராமன் வரைவது.

செவி மந்தமான பிறகு, கைப்பேசியில் நீ பேசுவது தகர டப்பாவில் கூழாங்கல் உருள்வது போலத்தான் எனக்குக் கேட்கிறது. ஆதலால் இந்தக் கடிதம். தேவிகாபுரம் பேருந்தின் நடத்துனர் உன் பால் தூக்கைச் சுமப்பதோடு இதையும் சுமக்க இசைந்தார். அவர் குடும்பம் வாழ்க.

நீ அனுப்பிய பாலும் நெய்யும் வந்தன. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். இனி எனக்கென்று பால், தயிர், நெய் எதுவும் அனுப்ப வேண்டாம். பொங்கல் கழிந்ததுமே இவற்றை விட்டுவிட்டேன். கோபமும் இல்லை, நோயும் இல்லை. காரணத்தை மட்டும் இப்போது கேளாதே.

அடுக்களையில் என் பங்கை நானே சமைக்கிறேன். நெய்யில்லாத வெண்பொங்கலுக்குக் கடலையெண்ணெயில் மிளகும் இஞ்சியும் தாளித்தேன். முந்திரிக்குப் பதிலாக வறுத்த வேர்க்கடலை. ஆண்டவனுக்குப் படைத்த பின் உண்டேன், குறையொன்றும் தோன்றவில்லை. உன் அண்ணி ரேணுகாம்பாள் எதிரே உட்கார்ந்து, நுரை பொங்கும் காப்பியை வேண்டுமென்றே உறிஞ்சிக் குடிக்கிறாள். “ஒரு வாய் குடிச்சா சாமி கண்ணக் குத்திடுமா?” என்கிறாள்.

உன் மகள் அகல்யாவின் கல்யாணத்துக்கு நான் நெய்யும் மாமன் சேலை தறியில் வளர்கிறது. அரக்கு நிறப் பட்டு. அவள் பிறந்த அன்று தொட்டிலருகே நின்று நான் தந்த வாக்கு அது. வேறு கை தொடாமல் நானே நெய்கிறேன்.

மனம் மட்டும் ஓரிடத்தில் நிற்பதாக இல்லை.

என்றும் ஆசிகளுடன்,
பரசுராமன்

*

உ

தேவிகாபுரம்
15.2.2025

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் திலகவதியின் வணக்கம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் படித்ததும் அகல்யாவின் அப்பா, “இன்னாடி, உங்கண்ணனுக்குச் சக்கரையா? டாக்டர் சொன்னத மறைச்சிகினு சாமி பேர்ல போடறாரா?” என்றார். இல்லை என்று எழுதியிருக்கிறார் என்றேன். “நோவு இல்லாதவன் நெய்ய வுடுவானா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மாட்டுப் பொங்கலுக்கு இங்கே வந்தீர்கள். நெய் மிதக்கச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டு, “ரெண்டாவது கரண்டி போடும்மா” என்று கேட்டும் வாங்கினீர்கள். மறுநாள் காலையில் காப்பி கூடக் குடிக்காமல் முதல் பேருந்துக்கு ஓடினீர்கள். அந்த ஓர் இரவுக்குள் நான் என்ன தவறு செய்தேன் என்று மாட்டுக் கொட்டகையைக் கூட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். அம்மா போன பிறகு என் கையால் உங்களுக்குக் கொடுக்க முடிந்தது அந்த ஒரு தூக்குப் பால்தான். அதையும் வேண்டாம் என்றால் நான் உங்களுக்கு யார்?

பால் அனுப்பவில்லை. நெய் மட்டும் அனுப்புகிறேன், வீட்டில் விளக்குக்காவது ஆகும். தூக்கைத் திருப்பும்போது வெறுமையாக அனுப்பிவிடாதீர்கள். காலிப் பாத்திரம் திரும்பி வந்தால் உறவு அறும் என்று அம்மா அஞ்சுவாள். ஒரு பிடி உப்பாவது போட்டு அனுப்புங்கள்.

மார்ச் முதல் தேதி செய்யாரிலிருந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். கல்யாணம் வைகாசியில்தான்.

உங்கள் தங்கை,
திலகவதி

*

சிவமயம்

ஆரணி
28.2.2025

அன்பின் திலகவதிக்கு ஆசிகள்.

நீ யார் என்று கேட்டிருந்தாய். ஒரே வயிற்றில் பிறந்தவள் கேட்கும் கேள்வியா அது? அந்த வரியைப் படித்த நாள் முழுதும் தறிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

உன் தூக்கு வெறுமையாகத் திரும்பவில்லை. உப்பு என்றாய், நான் தயிர் அனுப்புகிறேன். வேர்க்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்து, துணியில் பிழிந்து, அந்தக் கடலைப் பாலைப் பச்சை வாசனை போகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். உறைமோர் ஊற்றினால் என் நோன்பு கெடும். ஆகவே பச்சை மிளகாய்க் காம்புகளை அதில் போட்டு மூடிவைத்தேன். முதல் முறை நீர்த்துப்போயிற்று, இரண்டாம் முறை கசந்தது. “கடலையில தயிரு தோய்க்கறாராம்! நாளைக்கு அம்மிக்கல்லுல வெண்ண எடுப்பாரு,” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் உன் அண்ணி. மூன்றாம் முறை, கரண்டியால் வெட்டி எடுக்கும்படி உறைந்துவிட்டது. அவளே ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, மறுபடியும் ஒரு விரல் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதைக் காட்டிலும் பெரிய பாராட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

உண்டு பார்த்து எழுது.

பரசுராமன்

*

உ

தேவிகாபுரம்
3.3.2025

அண்ணா, வணக்கம்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன். பேருந்திலிருந்து தூக்கை வாங்கி வந்த அகல்யாவின் அப்பா, அதை அடுப்படிப் பலகையில் என் தயிர்ப் பானைகளோடு வைத்துவிட்டார். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டதோடு மறந்தும்போனார். மறுநாள் சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கைக்கு எட்டிய தூக்கைத் திறந்தேன், கெட்டித் தயிர். நம் பசுவின் தயிர்தான் என்று எல்லா இலையிலும் போட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மா நிறுத்தி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, “எந்த மாட்டுத் தயிருங்க இது? எங்கூட்ல இப்டி ஒறையவே மாட்டேங்குதே!” என்றார். “செவலைங்க, கையில புடிச்சி நான் வளத்தது,” என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அவர்கள் ஒரு தூக்கு கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்கள். அது என் பானைத் தயிர். அன்று மாலை கடிதம் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இப்போது, “நீங்க குடுத்த தயிரு பந்தியில போட்டது மாரி இல்லியே,” என்று போனில் சொல்கிறார்கள். செவலையின் மானம் போய்விட்டது!

அகல்யாவின் அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒன்று சொன்னார், கோபப்படாதீர்கள். “பாலு பாவம்னு வுட்டாரு போல மச்சான், அவுரு தறியில ஓடறது இன்னா, வாழநாரா? புழுவ வேகவெச்சி எடுத்த நூலுதான?” என்றார். விளையாட்டுப் பேச்சுதான். இருந்தாலும் எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. சேலை எது வரை வந்திருக்கிறது?

திலகவதி

*

சிவமயம்

ஆரணி
12.3.2025

திலகவதிக்கு.

மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னது என்னைத் தறிக்குழியிலிருந்து எழுப்பிவிட்டது. சேலையின் உடல் முடிந்தது, முந்தானை மட்டுமே மீதம். ஆனால் நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தால் கொதிநீரில் மிதக்கும் கூடுகள் கண்முன் வருகின்றன. அறியாதவன் அல்லன் நான். கைத்தொழிலாயிற்றே என்று இதுவரை அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் இருந்தேன்.

இனியும் காரணத்தை மறைப்பது பொய்யாகும். மாட்டுப் பொங்கலன்று செவலையின் கொம்புக்கு நீ வண்ணம் பூசினாய். கழுத்தில் மாலையிட்டு, கற்பூரம் காட்டி, அதன் காலில் விழுந்து வணங்கினாய். மறுநாள் விடியலில் நான் பல் துலக்கிக்கொண்டு நிற்கையில் ஒரு வண்டி வந்தது. செவலையின் காளைக்கன்றை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாலையோடு நின்ற தாய் கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது. கன்றை நினைந்து கதறும் பசுவைப் போல என்று அடியார்கள் உருகிய பாடல்களை ஆயுள் முழுதும் பண்ணோடு பாடியிருக்கிறேன். அந்தக் கன்று எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கத்தல் மந்தமான இந்தச் செவிக்கும் கேட்டது, திலகவதி.

அதன் பின் பதிகம் ஓத அமர்ந்தால் இறைவன் பாலாடுவதும் நெய்யாடுவதும் வரும் அடிகளில் நா தடுக்கிறது. என் முறை அபிஷேகத்துக்கு இளநீர் கொண்டுபோனேன். குருக்கள் வாங்கிக்கொண்டார். பாலை விட்டேன். பட்டை விட்டால் தேன் இருக்கிறது, தேனை விட்டால் கோயில் மத்தளத்தின் தோல் இருக்கிறது. எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

முந்தானையை நெய்ய என்னால் முடியும் என்று தோன்றவில்லை. பொறுத்துக்கொள்.

பரசுராமன்

*

உ

தேவிகாபுரம்
16.3.2025

அண்ணனுக்கு.

என் வாசலில் நின்று என் பசுவின் கண்ணீரைப் பார்த்தீர்கள். என் கண்ணைப் பார்த்தீர்களா? வண்டி திரும்பும் வரை நான் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒவ்வொரு முறையும் அங்கேதான் போய் நிற்பேன். உங்கள் மாப்பிள்ளைக்கு மழை பெய்தால்தான் வேலை. அகல்யா படித்ததும், இந்த வீட்டில் விளக்கு எரிவதும் அந்தப் பாலால்தான். காளைக்கன்றைக் கட்டிவைத்துத் தீனி போட என்னிடம் என்ன இருக்கிறது? இத்தனை தெய்வப் பாடல் அறிந்த உங்களுக்கு, அன்று காலையில் அருகே வந்து, “ஏம்மா அழற?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பேருந்து பிடிக்கத்தான் தோன்றியது.

உங்கள் நோன்பு உங்களோடு இருக்கட்டும். மாமன் சேலை இல்லாமல் எங்கள் வீட்டுப் பெண் மணையில் உட்காரமாட்டாள். “கடையில ஒண்ணு எடுத்துக்கலாம்மா,” என்கிறாள் அகல்யா, உங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல். நான் சம்மதிக்கவில்லை. நீங்கள் நெய்த சேலையோடு வாருங்கள். இல்லையென்றால் வர வேண்டாம்.

தூக்கைக் காலியாகத்தான் அனுப்புகிறேன்.

திலகவதி

*

சிவமயம்

ஆரணி
20.4.2025

திலகவதிக்கு.

வெறுந்தூக்கு வந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன், மறுநாளும் திறந்து பார்த்தேன். நீ அழுததைக் காணாமல் பேருந்து ஏறியவன் நான்தான். நீ எழுதியதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க இயலவில்லை.

பங்குனி முழுதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்குப் போவேன், பாதியில் திரும்புவேன். அடுப்பில் கூழைக் கிண்டும்போதே எழுந்து தறியருகே போவேன், கூழ் அடிபிடிக்கும். “சாமியாராப் போவணும்னா போங்க, சட்டியக் கெடுக்காதீங்க,” என்றாள் உன் அண்ணி. பிறகு அவளே அருகில் வந்து அமர்ந்து, “நெய்ஞ்ச ஒடம்பு நெய்ஞ்சாச்சி. முந்தானைக்குத்தான பாவு மாத்தி முறுக்குவீங்க? அதுல எந்த நூலு வந்தா இன்னா?” என்றாள்.

வேறு நிறத்தில் முந்தானை அமைக்கும்போது, உடலின் நெடுக ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றோடும் முந்தானையின் நூலை இழை இழையாக முறுக்கி இணைப்பது வழக்கம். நிறத்துக்காகச் செய்யும் அந்த வேலையை இம்முறை நூலுக்காகச் செய்தேன். உடல் பட்டு, முந்தானை பருத்தி. பட்டும் பருத்தியும் ஒன்றாக இழுபடாமல் பல நாள் என்னைப் பாடாய்ப் படுத்தின. சரிகையின் உள்ளிழையும் பட்டு என்பதால் முந்தானையில் சரிகை கிடையாது. மஞ்சள் நூலில் மாங்காய் வரிசை மட்டும் இட்டிருக்கிறேன்.

ஊரார் கண்ணில் முதலில் படுவது முந்தானை என்று அறிவேன். மணமகனின் அங்கவஸ்திரத்தோடு முடிபோடுவதும் அதைத்தான். அந்த முடிச்சு விழும் இடத்திலேனும் ஓர் உயிரின் வலி இருக்க வேண்டாம் என்பதே நான் நின்ற எல்லை. சேலையின் உடலில் இருக்கும் வலி என் கணக்கில் நிற்கட்டும்.

பாவு தீரும்போது அடுத்த பட்டுப் பாவு நூலை அதன் நுனியோடு பிணைப்பது நம் வீட்டு வழக்கம். இம்முறை பிணைக்கவில்லை. தறி வெறுமையாக நிற்கிறது. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் கால் தயங்குகிறது.

சேலையை நடத்துனரிடம் கொடுத்தனுப்புகிறேன். இது மாமன் சேலையாகுமா என்பதை நீ சொல். ஆகாது என்றால் கல்யாணத்தன்று இங்கிருந்தே வாழ்த்துவேன்.

உன் அண்ணன்,
பரசுராமன்

*

உ

தேவிகாபுரம்
27.4.2025

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் திலகவதியின் வணக்கம்.

சேலையைப் பிரித்ததும் முதலில் முந்தானையைத்தான் பார்த்தேன். சரிகை இல்லாத முந்தானையா என்று மடித்து வைத்துவிட்டேன். அகல்யா அதை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். அவள் அப்பாவின் துண்டை இழுத்து, முந்தானையோடு முடிபோட்டு இழுத்தாள். “பட்டுன்னா வழுக்கிகினு போவும். இது அவுறாதும்மா,” என்றாள்.

பிறகு பேச்சு வரக்கூடாது என்று நானே செய்யாருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தயிர் விஷயத்தையும் அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா முந்தானையைத் தடவிக்கொண்டே, “அந்தத் தயிரு தோய்ச்ச கையா இத நெய்ஞ்சிது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்போ கல்யாணத்துல அந்தத் தயிருதான் போடணும், சொல்லிட்டேன்,” என்றார்.

செவலையின் மகள் போன வாரம் ஈன்றது. காளைக்கன்று. வண்டிக்காரன் கேட்டு வந்தான். கல்யாணம் முடியட்டும் என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பால் கறப்பதை நான் விடப்போவதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தூக்கு நிறைய வேர்க்கடலை அனுப்பியிருக்கிறேன், எங்கள் கொல்லையில் விளைந்தது. பந்திக்கு வேண்டியது இங்கே மூட்டையில் இருக்கிறது. மிளகாய்க் காம்பு கிள்ளி வைக்கிறேன். அண்ணியை அழைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாளே முதல் பேருந்துக்கு வாருங்கள். தோய்க்க எனக்குத் தெரியாது.

உங்கள் தங்கை,
திலகவதி